முனியாண்டி அண்ணனின் அபிஸ்மல் அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் என் மகளும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றில் கறி ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். எனக்கு முன்னால் பதினைந்து பேர், பின்னால் அதற்கு மேல். மீன்தலைக் கறியின் வாசனை வேறு வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. மகள் கைப்பேசியில் அந்தக் கடையைப் பற்றி ஊரார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தாலும், அது நன்றாக இருக்கும் என்று முகம் தெரியாத யாராவது ஒருவர் சொன்னால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

"அம்மா, இங்க பாருங்க. ‘சர்வீஸ் அபிஸ்மல்’னு ஒரு ஆள் போட்டிருக்கான். வேற கடைக்குப் போவோம்லா" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பு இல்லை. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. மகள் என்னைத் தெரியாதவள் போல ஓரடி தள்ளி நின்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஒற்றைச் சொல்லால் ஒரு மனிதருக்குக் கிடைக்கவேண்டிய வீடு கிடைக்காமல் போயிருக்கும். எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு அவளிடம் கதையைச் சொன்னேன். அவள் கேட்டது பாதி, மீதி நேரம் கைப்பேசியில் இருந்தாள். ஆகவே முழுக்கதையையும் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கே ஓடிவிடப் போகிறீர்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கென்று கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. இங்கிலிஷ்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது, அதனால் வீட்டில் அதற்குத் தனி மரியாதை. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்த தடித்த அகராதி ஒன்று இருந்தது. அதை மேசையில் வைக்க அம்மா விடமாட்டார். அலமாரியில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே, பாச்சை உருண்டைகளோடு இருக்கும். இன்றைக்கும் எந்த அகராதியைத் திறந்தாலும் எனக்குப் பாச்சை உருண்டை வாசனை வருகிறது. திறப்பது கைப்பேசி அகராதியாக இருந்தாலும் வருகிறது, அதுதான் வேடிக்கை.

பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. தினமும் அந்த அகராதியிலிருந்து ஒரு பெரிய சொல்லைப் பொறுக்கிச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். எழுதினால் போதாது, எங்கேயாவது அதைப் போட்டே ஆகவேண்டும். மழை எனக்கு வெறுமனே பெய்யாது, ‘டொரென்ஷியல்’ ஆகத்தான் பெய்யும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வயிற்றுவலிக்கு விடுப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில், உயிர்போகிற வலி என்பதற்கு ‘எக்ஸ்குரூஷியேட்டிங்’ என்று போட்டேன். அதைப் படித்த அதிகாரி, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று உண்மையாகவே கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்படிப் பொறுக்கிய சொல்தான் அபிஸ்மல். அப்பாவின் அகராதியில் அதற்கு ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தது: அடியில்லாத, அளந்தறிய முடியாத ஆழமுள்ள. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் காலையில் எங்கள் தீவிலிருந்து ஃபெரியில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து, அபிஸ்மல், அபிஸ்மல் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த இடத்தில் கடல் அவ்வளவு ஆழமில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஜுருவுக்கு. ஒரு ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை, வானொலிப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் மேல்கூடு செய்வது. அங்கே நான் டைப்பிஸ்ட். சூடான பிளாஸ்டிக்கின் வாசனை தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் லேசில் இறங்காது. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா உள்ளேயிருந்து, "குளிச்சுப்போட்டு வா பிள்ளை" என்பார். தொழிற்சாலையில் என் தமிழைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் ‘எண்டு’ என்று சொல்ல, அவர்கள் ‘இன்னொரு தடவை சொல்லு’ என்பார்கள். அப்படித்தான் எனக்குச் சிலோன் தங்கச்சி என்று பெயர் வந்தது. வைத்தவர் முனியாண்டி அண்ணன்.

அவர் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள். தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்தே மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்துபோனார். சரக்கு அடுக்கின் மேல் முட்டைத் தட்டை வைத்தாலும் ஒன்றுகூட உடையாமல் ஓட்டுவார் என்று சொல்வார்கள். சும்மா சொல்வதில்லை, ஒருநாள் பந்தயம் வைத்துச் செய்தும் காட்டினார். முட்டையை நாங்கள் மத்தியானம் பொரித்துச் சாப்பிட்டோம். இத்தனை கெட்டிக்காரர் எட்டு வருஷமாகக் காண்ட்ராக்டிலேயே இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆறு மாதம் வேலை உண்டு. அவ்வளவுதான் உத்தரவாதம்.

அந்த வருஷம் அவருடைய தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டப் போகிறார்கள், வருஷக் கடைசிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்று தோட்ட ஆபீஸ் வாசலில் தாள் ஒட்டியாகிவிட்டது. வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தகப்பனார். மலிவு விலை வீட்டுக்கு மனுப்போடலாம், ஆனால் நிரந்தர வேலையில் இருக்கிறார் என்று முதலாளி கொடுத்த கடிதம் வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களின் மனுவை வீட்டு அலுவலகத்தில் கையால்கூடத் தொடவில்லை. அந்தச் சமயம் பார்த்து எங்கள் தொழிற்சாலைக்கு மொரிதா என்று புதிதாக ஒரு மானேஜர் வந்தார். ஸ்டோரில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாகவும், விரும்புகிறவர்கள் இங்கிலிஷில் கடிதம் கொடுக்கலாம் என்றும் அறிவித்தார்.

முனியாண்டி அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"சிலோன் தங்கச்சி, ஒரு லெட்டர் எழுதணும். என்னைப் பத்தி நல்லதா நாலு வரி."

எனக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் தாளைச் செருகிவிட்டேன். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதிட்டு ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சுக் காட்டணும். எங்கப்பாவுக்குத் தோட்டத்துல கிராணி எழுதிக் குடுத்தாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

கிராணி என்றால் தோட்ட ஆபீஸ் குமாஸ்தா. முனியாண்டி அண்ணனின் அப்பாவுக்குக் காலில் புண். நடக்கக் குறைவான இடத்தில் வேலை கேட்டு எழுதித் தரச்சொன்னாராம். எழுதிக் கொடுத்த கடிதத்தைத் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரம் அவரைத் தோட்டத்தின் கடைக்கோடியில் மலைச்சரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடிதத்தில் கேட்டதே அதைத்தானா, இல்லை துரைதான் அப்படிச் செய்தாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிராணியும் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக்காரர்தான் என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. என் சொந்தத் தாய்மாமன் ஒருவர் வேறொரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு, வரிக்கு வரி படித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கடிதம் நன்றாகவே வந்தது. எட்டு வருஷ அனுபவம் என்று எழுதவேண்டிய இடத்தில் என் கை நின்றது. எட்டு என்பது ஒரு கணக்கு, அதில் என்ன அழகு? சரக்குகளைக் கையாள்வதில் எனக்கு இருப்பது அபிஸ்மல் அனுபவம் என்று தட்டினேன். பிடித்த சொல் ஆயிற்றே, ஒரு தடவையோடு விட மனமில்லை. கம்பெனியின் மேல் எனக்குள்ள விசுவாசமும் அபிஸ்மல் என்று அடுத்த வரியில் இன்னொன்றும் வைத்தேன். பிறகு சொன்னபடி ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் பொருள் சொன்னேன். அபிஸ்மல் வந்ததும் அவர் என்னை நிறுத்தினார். அளக்க முடியாத ஆழம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தன்னைப் பற்றி அப்படி ஒருவர் எழுதுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என் பேனாவை வாங்கிப் புறங்கையில் அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். மானேஜர் கூப்பிட்டுப் பேசும்போது தானும் அதைச் சொல்ல வேண்டுமாம். சனிக்கிழமை மத்தியானம் கடிதம் மானேஜரின் கடிதத் தட்டுக்குப் போயிற்று.

திங்கட்கிழமை மத்தியானம் நான் கேண்டீனில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாழையிலை, அதற்கு மேல் இங்கிலிஷ் பத்திரிகைத் தாள். சாப்பிடும்போது சுற்றிய தாளைப் படிப்பது என் இன்னொரு வியாதி. காற்பந்துப் பக்கம் அது. சம்பால் எண்ணெய் ஊறிய இடத்தில் என் சொல் இருந்தது. ஏதோ ஓர் அணியின் தற்காப்பு ஆட்டம் அபிஸ்மல் என்று எழுதியிருந்தது. எனக்கு மகிழ்ச்சி, நம் சொல்லைப் பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள். ஆழமான தற்காப்பு, எவராலும் ஊடுருவ முடியாதது என்று நினைத்துக்கொண்டே கோல் எண்ணிக்கையைப் பார்த்தேன். அந்த அணி ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றிருந்தது.

அந்தத் தாளை உருவி மடித்து வைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அக்கவுண்ட்ஸில் வேலைபார்த்த மிஸ் லிம், கான்வென்டில் படித்தவர். அபிஸ்மல் என்றால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய கணக்கு டீச்சர் ரிப்போர்ட் கார்டில் அதைத்தான் எழுதினாராம், அன்றைக்கு வீட்டில் ரோத்தான் பிரம்பால் அடி விழுந்ததாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

நான் எழுதிக் கொடுத்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. சரக்குகளைக் கையாள்வதில் என் அனுபவம் படுமோசம். கம்பெனியின் மேல் என் விசுவாசம் அதைவிட மோசம். இப்படிக்கு, முனியாண்டி. அதையும் வரிக்கு வரி படித்துக் காட்டி, பொருள் சொல்லி, கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு நேர்முகம். ஓடிப்போய்ப் பார்த்தேன், கடிதத் தட்டு காலி. கடிதங்கள் உள்ளே போய்விட்டன. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. வேலை கிடைக்காவிட்டால் அவர் மானேஜரை நொந்துகொள்வார், இல்லை தலைவிதி என்பார், என்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் உள்ளே போய்த் தன் வாயாலேயே அதைச் சொல்லப்போகிறார். அதை நினைத்தபோது என்னால் உட்கார முடியவில்லை. ஸ்டோருக்குப் போனேன்.

யாரிடமோ இரவல் வாங்கிய முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்துகொண்டு, புறங்கையில் மறுபடி எழுதியிருந்த சொல்லைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகைத் தாளையும் நீட்டினேன், அதை அவர் வாங்கவில்லை. புறங்கையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வேணும்னே எழுதுனியா?"

"இல்லண்ணே. டிக்‌ஷனரில ஆழம் எண்டுதான் போட்டிருந்தது."

"அப்படின்னா உள்ள போயி ஆழம்னே சொல்றேன். ஆழத்துக்கு இங்கிலிஷ்ல என்ன?"

"டீப்."

"அவ்ளோதானா? இதையே எழுதியிருக்கலாம்லா."

எச்சிலைத் தொட்டுப் பழைய சொல்லைத் தேய்த்து அழித்தார். அது சரியாக அழியவில்லை. அதன் பக்கத்தில் டீப் என்று எழுதிக்கொண்டு மாடிக்குப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த அரைமணி நேரத்தில் நான் ஒரே கடிதத்தை மூன்று முறை டைப் செய்தேன், மூன்றும் தப்பு. வெள்ளை மை பூசிப் பூசித் தாள் தடித்துப்போயிற்று. மாடிப்படியில் இரண்டு பேரின் காலடி கேட்டது. மானேஜரும் முனியாண்டி அண்ணனும் என் மேசையைக் கடந்து நேரே சரக்கு முற்றத்துக்குப் போனார்கள். வேலையைவிட்டு வெளியே தள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபோர்க்லிஃப்டின் சத்தம் கேட்டது. மறுபடி படி ஏறியது மானேஜர் மட்டும். பின்னாலேயே அண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

மானேஜர் சிவப்பு அட்டை போட்ட குட்டி அகராதி ஒன்றை வைத்திருந்தாராம். கடிதத்தில் அந்தச் சொல்லின் கீழே இரண்டு கோடு. மேசையிலிருந்து தரைவரைக்கும் கையை இறக்கிக் காட்டி, "டீப்?" என்று அவராகவே கேட்டாராம். "டீப் சார், வெரி டீப்" என்று இவர் சொன்னாராம். வா, ஓட்டிக் காட்டு என்று கூட்டிப்போய், முற்றத்தில் ஒருமணி நேர வேலையைப் பத்து நிமிஷத்தில் செய்யவைத்துப் பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு லெட்டர்னு சொல்லிட்டாரு, தங்கச்சி."

நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக்கூட வரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை மானேஜரின் பென்சில் கையெழுத்தில் இரண்டு தாள்கள் டைப்புக்காக என் மேசைக்கு வந்தன. முதலாவது முனியாண்டி அண்ணனின் நிரந்தரக் கடிதம்: உங்களுடைய அபிஸ்மல் அனுபவத்தையும் அபிஸ்மல் விசுவாசத்தையும் முன்னிட்டு. இரண்டாவது, தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை: இந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி அபிஸ்மல் என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி. மனிதருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது. எனக்கு வந்த வியாதி தொற்றிக்கொண்டது.

அறிக்கை அவர் பாடு. ஆனால் அந்தக் கடிதம் வீட்டு அலுவலகத்துக்குப் போகும். அங்கே இங்கிலிஷ் தெரிந்த ஒருவர் அதைப் படித்தால் போலிக் கடிதம் என்றுதானே நினைப்பார்? நானாகச் சத்தமில்லாமல் மாற்றலாம். கேட்டு எழுதியதை ஒருமுறை கெடுத்தவள், கேட்காமல் திருத்தத் துணியவில்லை. எண்ணெய் ஊறிய அந்தப் பத்திரிகைத் தாளை எடுத்துக்கொண்டு மானேஜரின் கதவைத் தட்டினேன். அதற்குமுன் அவரிடம் ‘குட் மார்னிங்’ தவிர எதுவும் பேசியதில்லை.

அவர் தாளைப் படித்தார். கோல் எண்ணிக்கையைப் பார்த்தார். சிவப்பு அகராதியை எடுத்து, பக்கத்தின் அடியில் விரலை வைத்து எனக்குக் காட்டினார். ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினார். மேலே, அதே சொல்லுக்கு அவர் அதுவரை பார்க்காத இன்னொரு வரி இருந்தது. அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன.

"ரிப்போர்ட். டைப் ஃபினிஷ்?" என்றார்.

"நாட் யெட், சார்."

அவர் விட்ட பெருமூச்சு எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். பென்சிலை எடுத்து மூன்று இடத்திலும் அடித்தார். அனுபவத்துக்கு டீப், விசுவாசத்துக்கு டீப், உற்பத்திக்கு குட். ஐந்தே நிமிஷத்தில் டைப் செய்து, எடுத்த எடுப்பில் தப்பில்லாமல் கொடுத்தேன். அண்ணன் அதே வாரம் மனுப்போட்டார், இந்த முறை வாங்கிக்கொண்டார்கள். லயங்களை இடிக்க வந்தபோது அவர் வீட்டில் ஆள் இல்லை, குடும்பம் மூன்று வாரத்துக்கு முன்பே போயிருந்தது. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஆனால் சொந்த வீடு. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "என்னைப் பத்தி மோசமா எழுதி வீடு வாங்கிக் குடுத்தது இவங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. வேறு நாட்டுக்குப் போய்விட்டது, அந்த இடத்தில் கார் விற்கிறார்கள். டைப்பிஸ்ட் என்ற வேலையும் இல்லை. தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வைத்து, அதையும் வெட்டி, வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பாவின் அகராதியைக் கறையான் தின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவளுடைய கைப்பேசியை வாங்கி அபிஸ்மலைத் தேடிப் பார்த்தேன். மோசம் என்பதுதான் அதில் முதல் பொருள். அளக்க முடியாத ஆழம் என்பது கடைசியில், பழைய வழக்கு என்ற குறிப்போடு கிடந்தது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

முனியாண்டி அண்ணன் எழுபது தாண்டி நன்றாக இருக்கிறார். போன மாதம் பேசியபோது ஒரு குறை சொன்னார். பேத்திக்கு ஜுருவிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. லெட்டர் எழுதினியா, படிச்சுக் காட்டு என்று கேட்டாராம். எல்லாம் போன்லயே அனுப்பியாச்சு தாத்தா, எதுக்குப் படிச்சுக் காட்டணும் என்றாளாம். குறையாகத்தான் ஆரம்பித்தார். முடிவில், "நல்லதுதான்லா" என்றார்.

நானும் அதைத்தான் சொல்வேன். எட்டு வருஷம் உழைத்த மனிதர், பத்தொன்பது வயதுப் பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்று, தன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி கேட்டு, அவள் படித்துக் காட்டியதை அப்படியே நம்பவேண்டியிருந்த காலம் அது. பழைய நாளை நினைத்தால் எல்லாரும் ஐயோ போயிற்றே என்கிறார்கள். இது போனதற்கு நான் அப்பாடா என்றுதான் சொல்வேன். அண்ணனின் பேத்தி தன்னைப் பற்றி என்ன எழுதி அனுப்பினாள் என்று அவளுக்குத் தெரியும்.